டிவிக்குள்ளே ஒரு ஓரகத்தி

நான் கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது அத்தைக்கு ஏற்கெனவே ஒரு மருமகள் இருந்தாள். என் கணவர் ஒரே பிள்ளை, அண்ணனும் கிடையாது தம்பியும் கிடையாது. அந்த மருமகள் இருந்தது டிவிக்குள். ஹிந்தி சீரியல். தினமும் சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு வந்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. ஏழை வாத்தியார் பெற்ற பெண். கோயிலில் அவள் பஜனை பாடியதைக் கேட்டு மயங்கிப்போய் வைர வியாபாரி வீட்டுப் பையன் கட்டிக்கொண்டு போனான். அந்த வீட்டில் மாமியார் அவளைப் படுத்தாத பாடு இல்லை. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். கண்ணில் நீர் மட்டும் வரும், அதுவும் மை கலையாமல்.

எனக்கு அம்மா இல்லை. நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டாள். விக்ரோலியில் அப்பாவோடு வளர்ந்தவள் நான். கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையை விட மாப்பிள்ளையின் அம்மாவைத்தான் அதிகம் பார்த்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த அன்று அத்தை நான் போட்ட சாயாவைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பெரிய மனக்கோட்டையே கட்டிவிட்டேன். தலை பின்னிவிடுவார், காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்காருவார், பெயர் சொல்லாமல் ஏதாவது செல்லமாகக் கூப்பிடுவார் என்றெல்லாம்.

வந்து பார்த்தால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

"என் தங்கம், மொகத்தப் பாரு, எப்படி வாடிப்போச்சு" என்பார் அத்தை, டிவியைப் பார்த்து. அந்தக் கோடீஸ்வர மாமியார் வந்து நின்றால் போதும், "நாசமாப் போவா, மருமவளை இப்பிடியா படுத்துவா ஒருத்தி? இவளுக்கு நல்ல சாவு வருமா?" என்று பொரிந்து தள்ளுவார். அதே மூச்சில் என் பக்கம் கை நீட்டி, "ஏளா, சாயாவுல சீனி காணாது" என்பார். ஏளா என்பது ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் தங்கம் தங்கம்தான்.

எங்கள் வீடு ஒரு அறை, அதற்கு மேலே ஒரு மாலா. இரும்பு ஏணி வைத்து ஏறினால் நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து நிற்க முடியாமல் படுத்துக்கொள்ளும் இடம் அது. கீழே அத்தையும் டிவியும். விடியும் முன் குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்து டிரம்களை நிரப்பி, சோறு வடித்து, சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டு நான் செம்பூருக்கு பஸ் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பில் இருக்கிறேன். திரும்பி வந்தால் அத்தை அன்றைய பாடத்தை ஆரம்பிப்பார்.

"அவளப் பாத்தியா? வெள்ளன எந்திரிச்சு, குளிச்சு, பட்டுச்சேல உடுத்தி, வெளக்கேத்தி, வீட்டுல உள்ள அம்புட்டுப் பேருக்கும் சாயா குடுத்துட்டா."

"அவ வீட்டுல எந்நேரமும் தண்ணி வருது அத்தை. நாலு வேலக்காரங்களும் இருக்காங்க."

"ஒனக்கு வாய் மட்டும் இருக்கு" என்பார். உண்மைதான். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. என் கணவர் தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து களைத்து வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வார்: "விடு. அப்பா போனதுக்கப்புறம் அம்மாவுக்கு அதான் தொணையா இருந்திச்சு." எனக்கும் அது புரியாமல் இல்லை. புரிந்ததால் பொறாமை போய்விடுமா என்ன? டிவியில் வரும் ஒரு பெண்ணைப் பார்த்து வயிறு எரிந்தவள் இந்த பம்பாயில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வருஷம் அந்தப் பெண் மாடிப்படியிலிருந்து விழுந்தாள். அவளுடைய ஓரகத்தி படியில் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். கோமா. மூக்கில் குழாய், தலையில் கட்டு, உதட்டில் மட்டும் சாயம். நாள் போய்க்கொண்டே இருந்தது, அவள் கண் விழிக்கவில்லை. வீட்டார் ஒவ்வொருவராக வந்து கட்டில் பக்கத்தில் அழுதார்கள். எங்கள் வீட்டில் அத்தை சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நடிப்புதான அத்தை" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? நாப்பது வருசமா இந்த ஊர்ல இருக்கேன். இங்கனதான் எங்கயோ கோரேகாவ்ல படம் பிடிக்காவ." டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "நடிச்சாலும் அது வாயில்லாத பிள்ள. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போணும். அவ பேருல ஒரு அர்ச்சன வய்க்கணும்" என்றார்.

அத்தைக்கு முட்டி வலி. தனியாகக் கோயில் வரைக்கும் நடக்க முடியாது. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை நான் ஆபீஸில் பொய் சொல்லி, சீக்கிரம் கிளம்பி வந்து, என் டிவி ஓரகத்தியின் உடம்பு தேற அத்தையைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் கறுவிக்கொண்டே நடந்தேன். முந்தின மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து மாலாவில் கிடந்தபோது எனக்கு யார் அர்ச்சனை வைத்தார்கள்?

கூட்டம் அதிகம். எங்கள் முறை வந்ததும் பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கும்மா?" என்றார். அத்தை அந்த சீரியல் பெயரைச் சொன்னார், ஹிந்திப் பெயர். பூசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு?"

"மருமக" என்றார் அத்தை, கொஞ்சமும் தயங்காமல்.

"நட்சத்திரம்?"

அங்கேதான் அத்தை மாட்டிக்கொண்டார். அந்தப் பெண் பிறந்த நட்சத்திரத்தை எந்த எபிசோடிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். நல்லா வேணும் என்று நினைத்தேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அத்தை என்னைப் பார்க்கவில்லை, சாமியைத்தான் பார்த்தார்.

"சதயம்" என்றார்.

சதயம் என் நட்சத்திரம். என் கணவருக்கே அது தெரியாது. ஜாதகம் பார்த்ததோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் இருந்தேன். பூசாரி அவள் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சேர்த்து மந்திரம் சொன்னார்.

அர்ச்சனை முடிந்து குங்குமமும் கொஞ்சம் மல்லிகைப் பூவும் தந்தார். யார் பெயரில் அர்ச்சனையோ அவர்களுக்கு வைத்துவிட வேண்டும், அதுதான் முறை. அத்தை கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழித்தார். அவளுக்குக் கொண்டுபோய் வைக்க வழி இல்லை. என் பக்கம் திரும்பி, என் நெற்றியில் பெருவிரலால் குங்குமத்தை அழுத்தி வைத்தார். பிறகு என் தலையைத் திருப்பிப் பூவைச் செருகி, கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். கல்யாணமாகி வந்த பிறகு அத்தை தானாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விரலில் வெங்காய வாசனை அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கை இன்னும் கொஞ்சம் அங்கேயே இருக்கட்டும் என்றிருந்தது, அழுகை வந்தது.

"ஏளா, கண்ணத் தொற. பின்னால ஆளு நிக்கி" என்றார் அத்தை.

திரும்பி வரும்போது சந்து முனையில் மூச்சு வாங்க நின்றார். அப்போது கேட்டேன், "ஏன் அத்தை என் நட்சத்திரத்தச் சொன்னீங்க?"

"பின்ன? எனக்குத் தெரிஞ்ச மருமவ நட்சத்திரம் அது ஒண்ணுதான" என்றார். சொல்லிவிட்டு, "நேரமாச்சு, சீரியலப் போட்டுருவான்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த வாரமே அந்தப் பெண் கண் விழித்துவிட்டாள். எல்லாம் தன் அர்ச்சனையால்தான் என்று அத்தை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். வீடு பழையபடி ஆகிவிட்டது. அவள் தங்கம், நான் ஏளா. கோயிலுக்குப் போக ஒரு காரணமும் இல்லாமல் வெள்ளிக்கிழமைகள் கடந்து போகின்றன. முட்டி வலிக்கிறது என்கிறார்.

இப்போது சாயங்காலம் சீரியல் ஆரம்பித்ததும் நானும் அடுப்பை அணைத்துவிட்டு அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். அந்தப் பெண் பட்டுச்சேலை சரசரக்க, சிரித்த முகமாக, கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மறுபடி ஏதாவது வரட்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். மாடியிலிருந்தெல்லாம் விழ வேண்டாம், சின்னதாக ஒரு காய்ச்சல் போதும்.