சங்கத்தின் சோடாப் பெட்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. திருகோணமலைத் துறைமுகத்தில் பதினாறு வயதில் மூட்டை சுமந்தேன். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கைவிட்டுப் போனபோது, படித்த மனிதர்கள் எல்லாம் உத்தியோகம் போயிற்றே என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் அவன் விட்டுப்போன சங்கிலியையும் தகட்டையும் உடைந்த நங்கூரத்தையும் பழைய இரும்பாக வாங்கினேன். பத்து வருடத்துக்குள் நகரத்தில் இரும்புக்கடை, மூன்று லொறி, மாடி வீடு. யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இன்றைக்கும் ஒரு கம்பியைக் கையில் எடுத்தால் அதன் எடையைத் தராசு இல்லாமல் சொல்லுவேன். அதில் பிழை வராது.

பிழை வந்தது வேறு இடத்தில். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பட்டினி வந்தது. பிறகு அடிதடியும் வந்தது. அங்கிருந்த சனம் குடும்பம் குடும்பமாக எங்கள் பக்கம் இறங்கி வந்தது. கப்பல்துறைக் கிராமத்துக்கு அப்பால், கண்டி வீதியிலிருந்து உள்ளே தள்ளி, பற்றைக்காட்டை வெட்டிக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கு உதவி செய்ய நகரத்தில் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். ‘வந்த சனத்தை ஊரோடு சேர்ப்பது’ என்று சங்கத்தின் நோக்கத்தை எழுதியவர் எங்கள் செயலாளர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பெரிய குடும்பம், அவருடைய தகப்பன் வீட்டு வாசலில் என் தகப்பன் செருப்போடு நின்றதில்லை. அப்படிப்பட்ட மனிதர் என் கடைக்கு வந்து, “நீங்கள்தான் எங்களுக்குத் தலைவராய் இருக்க வேணும்” என்றார். லொறி என்னுடையது, சீமெந்து என்னுடையது என்பதால்தான் கேட்டார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் வாயால் ‘தலைவர்’ என்று கேட்டபோது என் உடம்பு இரண்டு அங்குலம் உயர்ந்தது.

சங்கத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. குடியேற்றத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் லொறியில் ஒரு பெட்டி சோடா ஏற்றுவோம். போத்தல் மூடியை அங்கே வைத்து உடைத்துக் குடிப்போம். ஏன் என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. வெயில் என்போம். எங்கள் ஊரில் விளங்காதவர் யார்? கை நனைக்கக் கூடாத வீட்டுக்குப் போனால் மூடி போட்ட சோடா, இல்லாவிட்டால் இளநீர். மரியாதையும் கெடாது, வழக்கமும் கெடாது. அந்தப் பெட்டியை ஏற்றுவது தலைவரான என் பொறுப்பு. நானும் சந்தோஷமாக ஏற்றினேன்.

இரண்டாம் வருடம் அவர்களுக்கு ஒரு கிணறு வெட்டினோம். திறப்பு விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அந்தக் குடியேற்றத்துப் பெண்ணொருத்தி என் கடைக்கு வந்தாள். புருஷனைத் தோட்டத்தில் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். பத்து வயதில் ஒரு மகள். மற்றவர்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் கேட்டுவர இவளைத்தான் அனுப்புவார்கள், அவ்வளவு துணிச்சல்காரி. அன்றைக்கு மட்டும் கடை வாசலில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, சங்கத்துக்கிட்ட இல்லீங்க, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லு பிள்ளை.”

“எம் மக பள்ளிக்கூடத்துல, தண்ணிப் பானையை எங்க புள்ளைங்க தொடக் கூடாதாம். ஊர்ப் புள்ளைங்க யாராவது மோந்து கையில ஊத்தினாத்தான் தண்ணி. ஊத்த மாட்டாங்க, வெளையாடப் போயிருவாங்க. நாக்கு வறண்டு வர்றா. இனிமே போக மாட்டேன்னு ஒரே அழுகைங்க. எங்க சனத்துலயே கடுதாசி வாசிக்கிறவ அவ ஒருத்திதாங்க.”

“வாத்தியாரிட்டச் சொல்லன்.”

“சொன்னேங்க. ஊர்ச் சனம் பேசும்ங்கிறாரு. பெரியவங்க வழி காட்டினா ஊரு மாறும்னாரு. அதாங்க... கெணறு தொறக்கிற அன்னிக்கு எங்க வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க. வாத்தியாரும் ஊர்க்காரங்களும் பாக்கட்டும். தலைவரே குடிச்சிட்டாருன்னா அப்புறம் பானைக்கு என்னங்க?”

நான் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன். என் கதையை அவளுக்குச் சொன்னேன். மூட்டை சுமந்த காலத்தில் ஒரு பெரிய வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன். வேலைக்காரன் எட்ட நின்று, உயரத்திலிருந்து என் கையில் ஊற்றினான். முழங்கை வழியாக ஓடியதுதான் அதிகம், வாய்க்குள் போனது குறைவு.

“இண்டைக்கு அந்த வீட்டுக்காரன் இந்தக் கடையில வந்து நிண்டு சீமெந்துக்குக் கெஞ்சுறான். என்னட்டையோ நீ இதைக் கேக்கிறாய்? ஒரு கோப்பை இல்லை, ரெண்டு கோப்பை குடிக்கிறன். நான் இரும்பு விக்கிறவன் பிள்ளை. என்ர வாக்கும் இரும்புதான்.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தச் சொல்லை நானே இரண்டு நாள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

திறப்பு விழா அன்று காலையில் லொறிச் சாரதியிடம், “இண்டைக்குச் சோடாப் பெட்டி வேண்டாம், விடு” என்றேன். சரியாகத்தான் தொடங்கினேன். செயலாளர் வந்து லொறியில் ஏறும்போது உள்ளே எட்டிப் பார்த்தார்.

“தலைவர், பெட்டி எங்க? ஏத்த மறந்திட்டினமோ?”

மறக்கவில்லை, வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல். துறைமுகத்தில் சண்டியர்களை அடக்கி வேலை வாங்கிய வாய் இது.

“ஏத்தடா பெட்டியை” என்று சாரதியைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

விழாவுக்கு நல்ல கூட்டம். பக்கத்து ஊர்க்காரர் ஒரு பக்கம், குடியேறிய சனம் ஒரு பக்கம், நடுவில் வாத்தியார். கிணற்றுக் கட்டில் என் பெயர் பொறித்த கல். செயலாளர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ‘ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் நாம் எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்’ என்று முழங்கினேன். கை தட்டினார்கள்.

பிறகு அவள் தட்டோடு வந்தாள். புதுக் கிணற்றின் முதல் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் போட்டது. வாசனை எனக்குப் பத்தடிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆறு பீங்கான் கோப்பைகள், ஓரத்தில் நீலப் பூ. அவள் எனக்கென்று ஒரு கோப்பையைத் தூக்கியபோது, அதன் அடியில் கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டு தெரிந்தது.

“புதுசுங்க ஐயா. ஒருத்தர் வாயும் படலீங்க” என்றாள்.

அவளுக்குப் பின்னால் மகள் நின்றாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. அவள் கோப்பையைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் செயலாளர் என் பக்கம் சாய்ந்து, திறந்த சோடாப் போத்தலை நீட்டினார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், சிரித்த முகமாகத்தான் சொன்னார்: “உங்களுக்கு நான் சொல்லித்தர வேணுமே? நீங்கள் இப்ப எங்கட ஆளெல்லோ, தலைவர்.”

எங்கட ஆள். அந்த ஒரு சொல்லுக்காக இருபது வருடம் இரும்பு சுமந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கை போய்ப் போத்தலைப் பிடித்தது.

“எனக்குச் சீனி வருத்தம் பிள்ளை, நீரிழிவு. தேத்தண்ணி ஏலாது” என்றேன். கையில் இருந்தது சிவப்புச் சோடா. கருப்பட்டிப் பாணியை விட இனிப்பு.

அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காதது போல் இருந்தாளோ தெரியாது.

“சீனி இல்லாம போட்டுத் தர்றேங்க. ஒரு நிமிசம்.”

“வேண்டாம், வேண்டாம். நேரம் போட்டுது.”

பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து வந்த நெல் வியாபாரி ஒருவரும் எங்கள் சங்கத்தில் இருந்தார். என்னோடு விளையாட்டாகப் பேசக்கூடிய ஒரே ஆள். அவர் எழுந்து வந்து தட்டில் ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தார். “இன்னொண்டு தாங்க புள்ள” என்று இரண்டாவதையும் வாங்கிக் குடித்தார். ஆனால் அவர் முஸ்லிம். அவர் எங்கே குடித்தாலும் ஊர்க்காரர் அதைத் தங்கள் வழக்கத்தோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது என் வாய். மற்ற நான்கு கோப்பைகளும் தட்டிலேயே ஆறின. ஊர்க்காரர் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் நிலத்தைப் பார்த்தார். திரும்பியபோது பிள்ளையைக் காணவில்லை.

லொறியில் திரும்பி வரும்போது நெல் வியாபாரி என் தொடையில் தட்டினார்.

“என்ன தலைவர், சீனி வருத்தம் எப்பயிருந்து? போன கிழமை என்ட வீட்டுக் கலியாணத்துல இனிக்க இனிக்க வட்டிலப்பம் மூணு துண்டு அடிச்சீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன்.

அந்த மாதத்தோடு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டாள். வாத்தியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதவியை விட்டேனா? இல்லை. அடுத்த கூட்டத்திலும் தலைவர் கதிரையில்தான் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் செயலாளர் ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தார். குடியேற்றத்துப் பெண்பிள்ளைகளுக்கு நகரத்து நல்ல வீடுகளில் வேலை எடுத்துக் கொடுப்பது. ஊரோடு சேர்ப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றார். ஏற்றுக்கொண்டோம். முதலில் எடுத்தவர்கள் சங்கத்து வீட்டுக்காரர்களே. அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள்.

மூன்று வருடம் எங்கள் குசினியில் இருந்தாள். விடிய ஐந்தரைக்கு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். என் மனுசி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவாள்: “இவள் போடுற தேத்தண்ணி மாதிரி ஒரு இடத்திலயும் குடிக்கேலாது. மலைநாட்டுக் கையெல்லோ!” ஒரு நாள் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் வாங்கி, ஊதி ஊதிக் குடித்துவிட்டு, “நல்ல சாயம்” என்றார். அதே கை. அதே தேயிலை. கோப்பை மட்டும் எங்களுடையது. அவள் வெறும் தட்டோடு ஒரு கணம் என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது. கோப்பையைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்கிற பார்வை.  

பழைய கடுதாசி சுற்றி வரும் சாமான்களை அவிழ்க்கும்போது அவள் அதை எழுத்துக் கூட்டி வாசிப்பதைக் கண்டிருக்கிறேன். கண்டும் காணாதது போல் போனேன். மாடி வீட்டுக்காரன், மூன்று லொறிக்காரன், ஒரு பிள்ளையிடம் ஒரு சொல் சொல்லத் தெரியாமல் மூன்று வருடம் அவள் கையால் குடித்துக்கொண்டிருந்தேன்.

தாய்க்குச் சுகமில்லை என்று அவள் திரும்பிப் போனாள். எண்பதுகள் பிறந்திருந்தன. எனக்கு உண்மையாகவே சீனி வருத்தம் வந்துவிட்டது. டாக்டர் இனிப்பு ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்றார். ஒரு நாள் ஒருவருக்கும் சொல்லாமல், லொறியை எடுக்காமல், பஸ்ஸில் போய்க் கண்டி வீதியில் இறங்கி உள்ளே நடந்தேன். போய் இருந்து, ‘ஒரு வாய் தேத்தண்ணி தா பிள்ளை’ என்று கேட்கப் போகிறேன். அது போதும், மற்றது அவர்களுக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

தாய் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருந்தாள். “வாங்க ஐயா, வாங்க” என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். மகள் குசினிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டாள். தட்டில் அந்த ஆறு கோப்பைகளும் கவிழ்த்து வைத்திருந்தன. ஒன்றின் அடியில் விலைத்துண்டு அப்படியே இருந்தது.

தாய் மகளிடம் ஏதோ சொன்னாள். மகள் வெளியே ஓடினாள். தாய் மழையைப் பற்றிக் கதைத்தாள், கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று கதைத்தாள். அரைமணி நேரம் சென்று மகள் வியர்த்து வடியத் திரும்பி வந்தாள். கையில் ஒரு சிவப்புச் சோடா. சந்திக் கடை வரைக்கும் போய் வந்திருக்கிறாள்.

“எனக்கு இது வேண்டாம் பிள்ளை” என்றேன். “தேத்தண்ணி தாங்கோ. தேத்தண்ணி குடிக்கத்தான் வந்தனான்.”

தாய் பதறிப்போனாள்.

“ஐயையோ, ஒங்களுக்குத்தான் அது ஆகாதுங்களே! சீனி வருத்தம்னு சொன்னீங்களே. அதோட அடுப்பும் இன்னும் பத்த வைக்கலீங்க.”

அவள் முகத்தில் குத்தல் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் குசினிக் கூரை வழியாகப் புகை போய்க்கொண்டிருந்தது.

மகள் மூடியை உடைத்து, போத்தலின் வாயைத் தன் சட்டையால் துடைக்கப் போனவள், சட்டென்று கையை நிறுத்தி, துடைக்காமலே நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். அடி மண்டி வரைக்கும் குடித்தேன்.