இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

சந்தன பவுடர் வாசனைதான் முதலில் வந்தது. அப்புறம்தான் வீடு.

பெங்களூரு ஜோகுபாளையத்துச் சந்துக்குள் நுழைந்து, முதுகுப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு, தங்கை வீட்டுக் கதவைத் தள்ளினேன். குப்பென்று அடித்தது... என் சின்ன வயதின் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அப்பா – எங்கள் வீட்டில் நைனா – பெயின்ட்டர். வாரத்தில் ஆறு நாள் டர்பன்டைன் மணக்கிற மனுஷன், ஏழாம் நாள் மட்டும் தேய்த்துக் குளித்து, கழுத்திலும் மார்பிலும் பவுடரைக் கொட்டிக்கொண்டு ஃபுட்பால் மேட்ச் பார்க்கக் கிளம்புவார். நான் அவர் தோளில். திரும்பி வரும்போது என் தொடையெல்லாம் வெள்ளை.

இப்போது அதே பவுடர் அவர் முதுகுக்கு. படுக்கைப் புண் வராமல் இருக்க. பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்து நாலு வருஷம்.

போன வார மடலில் எழுதியிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கம்போடியாவில் ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லம் ஒன்றுக்கு ஆறு வாரம் வாலன்டியராகப் போகிறேன் என்று? எத்தனை வாழ்த்து! 'ஐம்பதைத் தாண்டியும் இப்படி ஒரு மனசா!' என்று ஒரு வாசகி. படித்துவிட்டுக் கண் கலங்கினேன் – என்னை நினைத்து.

சென்னையிலிருந்து ரயிலில் பெங்களூரு. ஒரு நாள் தங்கல். மறுநாள் மதியம் ஃப்ளைட். பயணத் திட்டத்தில் பெங்களூருக்கு நேராக 'ஸ்டாப் ஓவர்' என்று எழுதியிருந்தேன். இருபத்துநாலு வருஷம் நான் வளர்ந்த ஊர்.

"வாண்ணா. செருப்ப உள்ளயே வுடு, நாய் தூக்கினு போயிடும்." தேவி கை துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். "இன்னா இவ்ளோ பெரிய மூட்டை? மெட்ராஸயே காலி பண்ணிட்டியா?"

"ஆறு வாரம் இருக்கணுமில்ல."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இரு. நைனாவ திருப்பணும்."

கதவுக்குப் பின்னால் மாதக் காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலில் பொடிப்பொடியாக எழுத்துகள். இ, வ, ம. இ, வ, ம. இடது பக்கம், வலது பக்கம், மல்லாக்க. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கட்டங்கள் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தன.

"நான் திருப்பறேன், தள்ளு" என்றேன். வாலன்டியர் அல்லவா? நைனாவின் வலது கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் கத்தியது சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

"ஐயோ, கைய வுடுண்ணா! அந்தத் தோள் மூட்டு தொங்கிக்கினு கீது. இழுத்தா கழண்டுடும்." என்னை ஒதுக்கினாள். "முட்டிய மடக்கு. ஒரு கை இடுப்புல, ஒரு கை தோளுக்குப் பின்னால. ஸ்வல்ப மெதுவா... உருட்டணும், இழுக்கக்கூடாது. ம்... பாத்தியா?"

நைனாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. கோணிய வாயால் கேட்டார்: "யாருடி இது... பேஜாரு புடிச்சவன்?"

"அண்ணன் நைனா. சேகரு."

"சேகரு மெட்ராஸ்ல கீறான்" என்றார் தீர்மானமாக. "அவன் எங்க இங்க வரப்போறான்?"

தேவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

பவுடரைத் தட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் ஒரு நிமிஷம் சாய்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னம்மா?"

"அதாண்ணா, கட்டி. பொங்கலுக்கு முன்ன போன்ல சொன்னேனே."

சொன்னாள்தான். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள், ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரம் வெயிட் தூக்கக்கூடாதாம், அந்த ஆறு வாரம் மட்டும் நைனாகூட வந்து இருண்ணா என்று. அதற்கு நான் சொன்னதும் நினைவிருக்கிறது. "ஆறு வாரமா? என் வேலையெல்லாம் போட்டுட்டு எப்படிம்மா..." அதே மாதத்தில்தான் கம்போடியாவுக்கு விண்ணப்பம் போட்டேன்.

எத்தனை வாரத்துக்கு? – எண்ணிக்கொள்ளுங்கள்.

"ரெண்டு தேதி குடுத்தாங்க ஆஸ்பத்திரில" என்றாள். "ரெண்டையும் வுட்டுட்டேன். ஆள் வெச்சும் பாத்தோம். ஒரு பொண்ணு மூணே நாளு. இன்னொரு அம்மாவ நைனா கடிச்சே வெச்சிட்டாரு. எங்க வூட்டுக்காரருக்கு பொம்மசந்திரால ஃபேக்டரி வேலை, விடியறதுக்கு முன்ன போனா இருட்டினப்புறம்தான். அவர எங்க கேக்கறது? ரத்தம் போய்க்கினே கீது... பாக்கலாம்."

டீ கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் சொன்னாள்.

"உன் ஆபீஸ்லேந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சுண்ணா. ஒரே இங்கிலீஷு."

கம்போடியா விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கேள்வி இருந்தது. காலியாக விட்டால் எடுக்க மாட்டார்கள் என்று தோன்றியது. 'பக்கவாதத்தால் படுத்த தந்தையை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன்' என்று எழுதிவிட்டேன். விசாரிக்கக் குடும்பத்தில் ஒருவர் நம்பர் கேட்டார்கள். தேவி நம்பரைக் கொடுத்தேன். போனெல்லாம் பண்ண மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

"என்ன கேட்டாங்க?"

"உங்க ஃபாதர யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அண்ணன்தான்னேன். ராத்திரில யாரு எழுந்து திருப்புவாங்கன்னு கேட்டுச்சு. அதுவும் அண்ணன்தான்னேன். குளிப்பாட்றது? அண்ணன். ஊட்றது? அண்ணன்." டம்ளரை வாங்கிக்கொண்டாள். "சொல்லச் சொல்ல எனக்கே நல்லாத்தான் இருந்துச்சு. அப்படி ஒரு அண்ணன் இருந்தா எப்படி இருக்கும்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டைக்கு நான் எப்போதும் தயார். அவள் அதை... ஒரு நல்ல சேலையைக் கடைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்ததைப் போலச் சொன்னாள்.

"ஏன் தேவி பொய் சொன்ன?"

"நீ எழுதிக் குடுத்துட்ட. இல்லன்னு சொன்னா உனக்கு அசிங்கம்." டம்ளரைக் கழுவப் போனாள்.

வெளியே போய்ச் செய்தால் சேவை. போட்டோ உண்டு, சான்றிதழ் உண்டு, புறப்படும் தேதியைப் போலவே திரும்பும் தேதியும் உண்டு. வீட்டில் செய்தால்? காலண்டர் கட்டத்தில் ஒரு எழுத்து. அதுவும் பென்சிலில்.

இதைக் கம்போடியாவிலிருந்துதான் எழுதுகிறேன். ஆமாம், போனேன். இந்த மடலைப் பாதியில் நிறுத்தி 'டிக்கெட்டைக் கிழித்துப் போட்டேன்' என்று எழுத எனக்கும் ஆசைதான். உங்களில் பலர் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். இங்கே எனக்கு நல்ல பெயர். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறார்களாம்; நான் இழுப்பதில்லை. ஒரு கை இடுப்பில், ஒரு கை தோளுக்குப் பின்னால். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று நிர்வாகி அம்மா கேட்டார். வீட்டில் என்றேன். அந்த விண்ணப்பம் தொடங்கி இன்றுவரை இவர்களிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது.

இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். பாஷை தெரியாது. திருப்பி முடித்ததும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறார். நான் சட்டென்று இழுத்துக்கொள்கிறேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

கிளம்பிய அன்று காலை எட்டு மணிக்கு நைனாவைத் திருப்பிவிட்டு, தேவி என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். பத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும். எனக்குச் சப்பாத்தி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரோட்டில் சத்தம், தூசி, ஹாரன். நாங்கள் இரண்டு பேரும் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கை அடிவயிற்றிலேயே இருந்தது.

"தேவி... நான் வேணா கேன்சல் பண்ணிடட்டுமா?"

கேட்டேன். தூரத்தில் ஏர்போர்ட் பஸ் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவளும் பஸ்ஸைப் பார்த்திருந்தாள். சப்பாத்திப் பொட்டலத்தை என் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"வேணாண்ணா, நீ போ. தெரியாதவங்கள நீ நல்லா பாத்துப்ப."