ராசாவுக்கு ஒரு பக்கம்

வாவியைக் கடக்க மண்முனைத் துறையில் தோணி ஏறும்போதெல்லாம் ஒரு புடவை வியாபாரியின் நினைவு வரும். மருதோன்றி போட்ட தாடி. பேசுமுன் தொப்பியைச் சரிசெய்யும் பழக்கம். ஒருநாள் தோணியில், விற்கக் கொண்டுவந்த சாரன் மூட்டையின்மேல் ஒரு பழைய மிருகப் படப் புத்தகத்தை விரித்து, விளாம்பிசினால் தபால் முத்திரைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். நாடு பார்த்து அல்ல, மிருகம் பார்த்து ஒட்டினார். யானைப் படத்தருகே யானை முத்திரை, புலிக்கருகே மலாயாப் புலி. இங்கிலாந்து மன்னர் தலை மட்டும் உள்ள முத்திரைகள் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்தன.

“இதுகள ஏன் ஒட்டல்ல காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

தொப்பியைச் சரிசெய்தார். “மிருகத்தோட ராசாவ ஒட்டினா பொலிசு புடிக்காதா தம்பி?”

“சிங்கத்துக்குப் பக்கத்தில ஒட்டுங்களன். அதுவும் ராசாதானே.”

“ஒரு காட்டுக்கு ரெண்டு ராசா சரிவராது.”

தோணியில் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்காமல் ஏடுகளைப் புரட்டினார். கரை தட்டும் நேரத்தில் முதலைப் படத்தில் கை நின்றது. எங்கள் வாவி முதலையைப் போலவே அது வாயைப் பிளந்து கிடந்தது. அதன் முதுகில் மன்னரை அழுத்தி ஒட்டினார்.

“இது மட்டும் சரியா காக்கா?”

“வாய்க்குள்ள ஒட்டல்லியே,” என்று சொல்லி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அது விசுவாசமா, பகிடியா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கடிதம் வரும்போது முத்திரையைத்தான் முதலில் பார்க்கிறேன். மன்னர் கொஞ்சம் பயந்தவர் போலவே தெரிகிறார்.