என்சோவுக்கு ஓர் அர்ச்சனை

எங்கள் வீட்டுக்கு எதிரே சிறுவர் விளையாட்டுத் திடல். அங்கே ஒரு தாய் "என்சோ!" என்று கூப்பிட்டால் இரண்டு குழந்தைகள் திரும்பிப் பார்க்கின்றன. இரண்டும் இத்தாலிப் பிள்ளைகள் இல்லை. ஒன்று துருக்கிப் பிள்ளை, மற்றது என் பேரன். மகளும் மருமகனும் இத்தாலியைக் கண்டது பீட்சாக் கடையில்தான்.

கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளை, கார்த்திகேயன் என்று வை என்றேன். "கிண்டர்கார்ட்டனில ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது, அப்பா" என்றாள் மகள். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி நான் வேலைக்குப் போன முதல் நாளே சிவபாதசுந்தரம் என்ற என் பேரை 'சிவா' என்று வெட்டினார்கள். வெட்டினாலும் சிவன் மிஞ்சினாரே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என்சோவில் எந்தச் சாமி இருக்கிறார்? ஒரு வருடமாக 'ராசா', 'குஞ்சு' என்றே சமாளித்தேன்.

பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் ஹைன்ஸிடம் முறையிட்டேன். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நான் நல்ல செய்தி சொல்கிறேன் என்று நினைத்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். "திரு. சிவா, அது என்னுடைய பேர்! ஹைன்ஸ் என்ற பேர்தான் அந்தக் காலத்தில் இத்தாலிக்குப் போய் என்சோ ஆனது. வீட்டை ஆள்பவன் என்று பொருள்."

பொருளில் பிழையில்லை. எங்கள் வீட்டை ஆள்வது அவன்தான்.

ஹைன்ஸ் சொன்னதை மகளிடம் சொன்னேன். "லொரென்சோ, வின்சென்சோவின்ர சுருக்கமெண்டும் சொல்லுகினம். எங்கயிருந்து வந்ததெண்டு சரியா ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்றாள்.

"ஊர் தெரியாத பேரையோ பிள்ளைக்கு வைச்சனீ?"

அவள் முகம் மாறியது. "ஒருக்காவாவது அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்களே, அப்பா? நாளைக்குப் பிறந்தநாள் அர்ச்சனை. அங்கயும் பேரை மாத்திச் சொன்னீங்களெண்டா, பிறகு அவனைக் கோயில் பக்கம் கொண்டு வரமாட்டன்."

மறுநாள் ஹம் நகரத்து அம்பாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் ஐயர். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். "கார்த்திகை" என்று நட்சத்திரம் உடனே வந்தது. பேருக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. கடிதத்தில் உள்ள பேர் வீட்டுத் தபால்பெட்டியில் இல்லாவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுபோகிற நாடு இது. கார்த்திகேயன் என்று சொன்னால் அம்பாள் யாரைத் தேடிப் போவா?

"என்சோ" என்றேன்.

ஐயர் ஒரு கணமும் தயங்கவில்லை. "க்ருத்திகா நட்சத்ரே... என்சோ நாமதேயஸ்ய..."

எனக்கு எரிச்சல் தீரவில்லை. ஆனால் தீபத்தையே பார்த்துக்கொண்டிருந்த பேரன், என் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததும் அம்பாளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். ஓர் இத்தாலிப் பேருக்குத் திரும்பிய அந்த நெற்றியில் விபூதியை நீளமாகப் பூசிவிட்டேன்.