பதினெட்டை அழிக்க மாட்டேன்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள் என்பதால் மட்டும் அவளுக்கு ‘சைரன்’ என்ற பெயர் வரவில்லை. அவள் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

விளையாட்டுக் கடைக்கு அவளை அழைத்துப் போனது அண்ணன்தான். ஞாயிறு மதியம் கடையின் பின்னறையில் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு வீரனையோ திருடனையோ மந்திரவாதியையோ உருவாக்கிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் கதையை நடத்துவார். குகைக்குள் இறங்குவதா, பூதத்தோடு மோதுவதா என்பதை ஆடுகிறவர்கள் சொல்வார்கள். பிழைத்தார்களா என்பதைப் பகடை சொல்லும். அது விளையாட்டின் விதிப் புத்தகம் முதல் பதிப்பில் இருந்த காலம். புத்தகம் ஒல்லிதான், ஆனால் ஈவிரக்கம் பார்க்காது. பகடையில் விழுந்ததுதான் தலையெழுத்து. செத்தால் செத்ததுதான்.

சைரன் தன் வாள்காரியின் பலத்துக்காக மூன்று பகடைகளை உருட்டினாள். மூன்றிலும் ஆறு. பதினெட்டு! அவள் அதைத் தாளில் எழுத, அண்ணன் தொடையைத் தட்டிக் கத்தினான்.

கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். “பதினாலுன்னு எழுதிக்கோம்மா. பொம்பளை ஆளுக்கு அதுக்கு மேல பலம் கிடையாது.”

“பூதம் இருக்கலாம், பறக்கற பாம்பு இருக்கலாம். பலமான பொம்பளை மட்டும் இருக்கக் கூடாதா?”

“நானாம்மா எழுதினேன்? புக்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

“நேத்து லிஃப்ட் வேலை செய்யலை. நூறு கிலோ ஆளை மூணு மாடி இறக்கினோம். தலைப்பக்கம் நான்தான் பிடிச்சேன். எந்த புக்கைக் கேட்டுப் பிடிச்சேன்?”

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் அவள் காதோரம் குனிந்து, “விளையாட்டுதானே, அழிச்சிட்டு எழுதேன்” என்றான். கடைக்காரர் சொன்னதைவிட அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“அழிக்க மாட்டேன்.”

எழுந்தாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. போகிற போக்கில் அதே புத்தகம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் போனாள். விளையாட்டின் மேல் அவளுக்கென்ன கோபம்?

ஆம்புலன்ஸ்காரர்களின் ஓய்வறையில், மருந்துப் பெட்டிகளை ஓரங்கட்டிவிட்டு, புது மேசை தொடங்கியது. வார்டு நர்ஸ், பிணவறை உதவியாளர், கேன்டீன் சமையல்காரர் மூவரும் வந்தார்கள். முறை வைத்துக் கதை நடத்தினார்கள். அந்த ஒரு வரியைச் சைரன் பேனாவால் அடித்துவிட்டாள். அடித்ததால் விளையாட்டுக்கு ஒரு குறைச்சலும் வரவில்லை. வாள்காரி குகை குகையாகப் புகுந்து வெளுத்து வாங்கினாள்.

சில வருடங்கள் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது. தலையணை கனம். எவ்வளவு மூட்டை தூக்கினால் எவ்வளவு வேகம் குறையும் என்பதற்குக்கூட அட்டவணை. ஆனால் பெண்களின் பலத்தைப் பற்றிய வரி மட்டும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. கடைக்காரர் போன் செய்தார். “அந்த ரூலை எடுத்துட்டாங்கம்மா. திரும்ப வந்துடு.”

“நான் சொன்னப்ப மாத்த முடியலை. கம்பெனி சொன்னதும் மாத்திட்டீங்க. நான் எதுக்கு வரணும்?”

போனை வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அண்ணன்தான் ஓய்வறை வாசலில் வந்து நின்றான். “அன்னைக்கு நானும் எழுந்து வந்திருக்கணும்” என்றான். அவள் நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். “உட்காரு. முதல்ல எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா.”

மூன்றாம் பதிப்பில்தான் அவளுடைய மேசையே இரண்டுபட்டது. அதில் சாவது லேசில் நடக்காது. விழுந்த ஆளுக்கு அடுத்தடுத்து வாய்ப்பு; பிழைத்து ஒரு ராத்திரி தூங்கினால் காலையில் முழு உடம்போடு எழுந்துவிடலாம்.

“இது என்ன கூத்து? சாவே இல்லைன்னா பயம் எங்கேருந்து வரும்?” என்று கத்தினாள் சைரன்.

நர்ஸ் அசையவில்லை. “நாள் முழுக்க எழுந்திருக்காதவங்களைத்தான் பார்க்கறோம்க்கா. இங்கேயாவது எழுந்திருக்கட்டும்.”

‘ரூல்னா ரூல்’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடைக்காரரின் குரலிலேயே வந்ததுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“சரி, உங்க ஆளுங்க எழுந்திருக்கட்டும். என் ஆள் எழுந்திருக்க மாட்டா” என்றாள் கடைசியில்.

வீம்புக்குச் சொன்னதல்ல. மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, இடிந்த பாலத்தின் மேல், மற்றவர்கள் தப்பி ஓடட்டும் என்று வாள்காரி தனியாக நின்றாள். நின்ற இடத்திலேயே விழுந்தாள். கதை நடத்திய நர்ஸ் பகடையைச் சைரன் கையில் திணித்தாள். “உருட்டுக்கா. வாய்ப்பு இருக்கு.” பிணவறை உதவியாளர்கூடக் கெஞ்சினார். அண்ணன் மட்டும் இந்த முறை, “அவ இஷ்டம், விடுங்க” என்றான்.

சைரன் பகடையை மேசை மேல் வைத்தாள். “அவ சாவு அவளோடது. யாரும் பிடுங்க வேண்டாம்.”

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு இரண்டு வாரம் சைரனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சைரனும் போய்ச் சமாதானம் செய்யவில்லை. மூன்றாம் வாரம் நர்ஸே வந்து, சுள்ளென்று, “புது ஆள் யாரு, சொல்லித் தொலைக்கா” என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.