மூடி திறக்காமல் விற்கிற கடை

குடிக்கிறவருக்குப் பெரிதாக ஒரு சட்டமும் இல்லை. இருக்கிற சட்டமெல்லாம் விற்கிறவர் தலையில்தான். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், பிப்போ என்கிறவரின் வைன் கடையில் நான் வேலைக்கு நின்றேன். முதலில் அவருடைய தமக்கை வீட்டில் துப்புரவு வேலை. பிறகு கடையைக் கூட்டித் துடைக்க வந்தேன். பிப்போவுக்கு முழங்கால் வருத்தம் வந்ததும் விற்பனையும், வீடுகளுக்குப் போத்தல் கொண்டுபோகிற வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தன.

"யாழ்ப்பாணத்துப் பொம்பிளை சாராயக் கடையிலை நிக்குது" என்று எங்கள் ஆட்கள் கதைத்தார்கள். கதைத்த அதே ஆட்கள் பிறந்தநாள், கலியாணம் என்றால் "கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ அக்கா" என்று வந்து நின்றார்கள். கடை மேசைக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு கால் உள்ளே

எங்கள் கடையின் லைசென்ஸ், போத்தலை மூடியோடு விற்க மட்டும்தான். வாங்கலாம், கொண்டுபோகலாம், கடைக்குள் நின்று குடிக்கக் கூடாது. நீனோ என்று ஒருவர், இளைப்பாறிய பஸ் சாரதி, பின்னேரமானால் சின்ன பியர் ஒன்று வாங்குவார். திறப்பான் அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கும். வெயிலுக்குப் பயந்து படியை விட்டு முழுதாக இறங்கமாட்டார். ஒரு கால் கடைக்குள், ஒரு கால் தெருவில்.

ஒருநாள் நகரசபைப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, இந்த ஆள் குடிப்பது உள்ளேயா வெளியேயா என்று கேட்டார். உள்ளே என்றால் கடையைப் பூட்டவைக்கலாம். பிப்போவின் முகம் வெளிறிவிட்டது. கடை பூட்டினால் என் வேலை போகும். வேலை போனால், நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பது பெரும்பாடு. நீனோ அவசரமில்லாமல் ஒரு மிடறு விழுங்கினார். பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனது நீனோ சொன்ன பதிலால்தான்: "ஒரு கால் உள்ளை நிக்குது, ஓம். ஆனால் வாய் தெருவிலைதானே இருக்கு. நான் வாயாலைதான் குடிக்கிறனான்."

முழுச் சீவியம்

அந்த நாளில் பற்றுச்சீட்டு இல்லாமல் கடையை விட்டுப் போனால் விற்றவருக்கும் குற்றம், வாங்கியவருக்கும் குற்றம். மன்னார்க்காரர் அருளப்பு, தேவாலயத்தில் நடக்கிற மகளின் முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்கு வைன் வாங்கினார். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினார். மூலையில் நின்ற, வரி ஏய்ப்புப் பிடிக்கிற நிதிப் பொலிஸ் இரண்டு பேர் அவரை மறித்ததை வாசலில் நின்று கண்டேன். சீட்டைத் தூக்கிக்கொண்டு, கட்டியிருந்த ஏப்ரனோடேயே ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, தெருவோரம் நின்ற கார் ஒன்றின் மேல் அவருடைய பெர்மெஸ்ஸோ, பாஸ்போர்ட், வேலைக் கடிதம், மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் பரப்பிக் கிடந்தன. பொலிஸ்காரருக்கே கூச்சமாகிவிட்டது. ஒருவர் என்னிடமிருந்து சீட்டை வாங்கி, அதிலிருந்த நேரத்தைப் பார்த்துவிட்டு, அருளப்புவின் பையில் வைத்தார். பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னார். அவர்கள் போன பிறகு அருளப்பு கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்தார். "அவங்கள் வைன் வாங்கின துண்டைத்தான் கேட்டவங்கள், அக்கா. நான் பயத்திலை என்ரை முழுச் சீவியத்தையும் எடுத்துக் காட்டிப்போட்டன்."

கூடையில் வருகிற வயது

பழைய வீடுகளில் லிஃப்ட் இல்லை. மேல்மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள்; சாமானை வைத்தால் இழுத்துக்கொள்வார்கள். பாணுக்கும் தக்காளிக்கும் அது சரி. பதினாறு வயதாகாதவர் கையில் மது போய்ச் சேர்ந்தால் பிறகு நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பது யார் என்று கீழே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் புது வீடொன்றிலிருந்து மார்சாலா வைன் கேட்டு ஃபோன் வந்தது. குரல் கீச்சென்று இருந்தது. கூடை இறங்கியதும் நான் போத்தலை வைக்கவில்லை. "முகத்தைக் காட்டுங்கோ, வயசு பாக்க வேணும்!" என்று கத்தினேன். தெருவே அண்ணாந்து பார்த்தது. மேலே பல்கனியில், வெள்ளைத் தலையோடு, எண்பதைத் தாண்டிய ஒரு மூதாட்டி மெதுவாக எட்டிப் பார்த்தார். நான் வெட்கத்தில் மன்னிப்புக் கேட்க முதலே அவர் சொன்னார்: "எனக்குப் பதினாறு ஆச்சோ எண்டு கனகாலமாய் ஒருத்தரும் கேட்டதில்லை, பிள்ளை. ரெண்டு போத்தலாய் வை!"

ஊற்று, ஊற்றாதே

ஊர்த் திருவிழாவுக்குக் கண்ணாடிப் போத்தலில் விற்கக் கூடாது என்று கட்டளை வரும். ஊர்வலத்தில் எக்காளம் ஊதுகிற ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்து, தன் பிளாஸ்டிக் குவளையை நீட்டினார். பியரை அதில் ஊற்றட்டாம். ஊற்றினால் மூடி திறந்த குற்றம். போத்தலாகக் கொடுத்தால் கண்ணாடிக் குற்றம். இரண்டையும் விளங்கப்படுத்தினேன். அவர் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "அப்ப தண்ணி தா. அதுக்கும் சட்டம் எழுத முதல் குடிச்சிட்டுப் போறன்."

வடிவாகப் பாருங்கோ

குணசீலன், பக்கத்துக் கடற்கரையான மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த வருடம் அது. அவருடைய மனைவியும் பிள்ளையும் எங்கே என்று ஒரு செய்தியும் இல்லை. ஒரு காலையில் நல்ல குடிவெறியில் வந்து விஸ்கி கேட்டார். வெறியில் நிற்கிறவருக்குக் கொடுக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும் அன்றைக்கு நான் கொடுத்திருக்கமாட்டேன்.

"தரமாட்டன், தம்பி."

"எனக்கோ சட்டம் கதைக்கிறாய்? உன்ரை ஆக்கள் பத்திரமாய் இருக்கினம், அதுதான் கதைக்கிறாய்!"

"என்ரை அம்மாவும் அங்கைதான். எங்கை எண்டு எனக்கும் தெரியாது."

அவர் அப்படியே தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளின் மேல் இருந்து அழத் தொடங்கினார். ஒரு சொல்லும் விளங்காத பிப்போ கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, வந்த ஆட்களைப் பிறகு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார். குணசீலன் மத்தியானம் வரை அங்கேயே நித்திரை கொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து போத்தல்களைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன்.

கிழமைகள் கழித்து, முகம் மழித்து, தோய்த்த சட்டையோடு வந்தார். மனைவியும் பிள்ளையும் வவுனியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்களாம். தெரிந்த கத்தோலிக்கச் சுவாமி ஒருவர் ஃபோனில் சொன்னாராம். என் அம்மாவின் செய்தி வர இன்னும் நாட்கள் இருந்தன. ஆனாலும் எனக்கே வந்த செய்திபோல நெஞ்சு இளகியது. அவர் மேசைக்குக் கிட்ட வந்து, விளக்கு வெளிச்சத்தில் முகத்தை நீட்டினார்: "வடிவாய்ப் பாருங்கோ அக்கா, இண்டைக்கு வெறியில்லை. ஒண்டு தருவியளோ?"

அத்தனை வருடமும் ஒரு சொட்டு வாயில் வைக்காமல் அந்தக் கடையில் நின்ற எனக்குத்தான், இந்தச் சட்டங்களாலும் ஆட்களாலும் பலெர்மோவிலேயே அதிகம் தலை சுற்றியது.