மூன்றாவது ரத்தம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அந்தம்மாவுக்கு 'வாய்ப்பூட்டு' என்று பேர் வைத்தது மாடியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்தான். ஊசி குத்தினால் வலியே தெரியாது, அவ்வளவு பதமான கை. ஆனால் ரிசல்ட்டைக் காட்டி "இது என்னங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட கேளுங்க." சொந்தத் தம்பிக்குச் சர்க்கரை எகிறியபோதும் இதே பதில்தான். அரைகுறையாகச் சொல்வது ஆளைக் கொல்லும் என்பது அவள் கட்சி. அதையும் தப்பென்று சொல்ல முடியாது.

அன்று காலை ஒரு லாரி டிரைவர் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் ரத்த வகை கேட்டிருந்தார்கள். "அப்படியே எனக்கும் பாத்துடுங்கம்மா" என்று தானும் கையை நீட்டினான். அவனுக்கு ஓ வகை, பிள்ளைக்கு ஏ வகை.

"ஏம்மா வேற வேறயா இருக்கு?"

வாய்ப்பூட்டு வழக்கமான பதிலைச் சொன்னாள். டாக்டர் வரச் சாயங்காலம் ஆகும். அவனுக்குப் பொறுமை ஏது? போகிற வழியில் எவனோ ஒரு அரைவேக்காடு, அப்பன் ரத்தம்தான் பிள்ளைக்கு வரும் என்று காதில் ஓதிவிட்டான்.

மதியத்துக்குள் அவன் பெண்டாட்டி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தாள், பிள்ளையை மார்போடு அணைத்தபடி. புருவம் கிழிந்து ஒரு கண் முழுக்க ரத்தம். பின்னாலேயே அவன், கையில் ஜாக்கிக் கம்பியோடு. முதல் வீச்சில் குப்பிகள் சிதறின. இரண்டாவது வீச்சு அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாய்ப்பூட்டுக்குத் தெளிவாகக் கேட்டது.

வாய்ப்பூட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேல் மட்டுமில்லை, காலையில் நாலு வார்த்தை சொல்லாத தன் மேலும்தான்.

"இவ ரத்தத்தையும் பாத்துட்டு அப்புறம் கொல்லுடா," என்றாள். "அப்பனைப் பாத்தே, பிள்ளையைப் பாத்தே. பெத்தவளைப் பாத்தியா?"

ஓங்கிய கம்பி அப்படியே நின்றது.

விரலில் குத்த வேண்டியிருக்கவில்லை. புருவத்தில் வழிந்ததைத் தொட்டு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வைத்து, ஏ வகையைக் காட்டிக்கொடுக்கும் நீல மருந்தை விட்டு ஆட்டினாள். பால் திரிவது போல ரத்தம் திரிந்தது. ஏ வகைதான்.

"அம்மாகிட்டேருந்து வந்திருக்கு. உன் பிள்ளைதான். போதுமா?"

அதில் பாதிதான் உண்மை. அவன் அப்பனாக இருக்கலாம் என்பதுவரைதான் அந்த மருந்துக்குத் தெரியும், அவனேதான் அப்பன் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. கம்பி பிடித்தவனிடம் நுணுக்கம் பேச அவளுக்கென்ன பைத்தியமா?

அவன் கம்பியைக் கீழே போட்டான். முகமெல்லாம் பல்லாக, "வாடி என் தங்கம்" என்று பிள்ளைக்குக் கை நீட்டினான்.

பெண்டாட்டி பிள்ளையை இறக்கிவிட்டு, முறியாத கையால் கம்பியை எடுத்தாள். ஒரே வீச்சில் அவன் முழங்கை பின்பக்கமாக மடங்கியது.

"காலையிலேருந்து நானும் இதைத்தானேடா சொன்னேன்."

அடுத்த அடி வாயில் விழுந்தது. பல் ஒன்று மேசைக்கடியில் ஓடியது. அவன் எழுந்திருக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்தார். "யாரும்மா இவனை அடிச்சது?"

வாய்ப்பூட்டு பிள்ளையின் கன்னத்து ரத்தத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட கேளுங்க."